வீட்டு நெருக்கம்

“நிக்கும்ங்க. நிக்காமயா அத்தனை பேரு அதை மாட்டிக்கிட்டுத் திரியறாங்க? ஆனா செவுரு நிக்கற மாதிரி நிக்காது. துணி வாங்கிக்கோணும். வாங்கிக்கிட்டே பின்னால போகோணும், போயிட்டே நிறுத்தோணும்”னு தறி மாஸ்டர் நாச்சிமுத்து சொன்னாரு. கேட்டது பவுல்ராஜ், குண்டு தாங்கற சட்டைத் துணியச் சுட்டுப் பாக்கற அந்தச் சோதனைக்கூடத்து வாசக் காவலாளி. துணி போயி துப்பாக்கிக் குண்டை நிப்பாட்டுமாக்கும்னு அவரு கேட்டதுல கிண்டல் பாதி, பொழுது போகாத சடவு பாதி. “வாங்கிக்கிடணுமா? என்ன அண்ணாச்சி, கலியாண மொய்யா, வாங்கிக்கிடதுக்கு?” நாச்சிமுத்து சிரிக்கல, ஆனா மீசை கொஞ்சம் அசைஞ்சுது. “உங்கூட்டுல கொத்து வேலை நடக்குதுன்னீங்கல்ல. சாரத்து மேல நிக்கறவனுக்குக் கீழ இருந்து செங்கல்லை வீசுனா, கைய வெறைப்பா நீட்டியா புடிப்பான்?” “கைய ஒடிச்சிக்கிடவா? கல்லு கூடவே கைய எறக்கில்லா வாங்குவான்.” “அதேதானுங்க. குண்டு வந்து விழுந்த எடத்து நூலு தனியா நின்னு மல்லுக்கட்டப்படாது. இழுபடோணும். பக்கத்து நூலை இழுக்கோணும், அது அதுக்கு அக்கட்ட இருக்கறதை இழுக்கோணும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள சேதி துணி பூராவும் போயிரோணும், எல்லாமாச் சேந்து அந்த வேகத்தைப் பங்கு போட்டுக்கோணும்.” “அப்பம் தொளதொளன்னு நெஞ்சாப் போதும்லா?” “தொளதொளன்னு நெஞ்சா, பாசிமணித் திரைய வெலக்கிட்டு ஆளு போற மாதிரி, ரெண்டு நூலுக்கு நடுவால குண்டு பூந்து போயிரும்.” “சரி, அப்பம் நெருக்கி நெய்யணும். இதைச் சொல்லதுக்கு இம்புட்டுச் சுத்தா?” நாச்சிமுத்து வாயத் தொறந்தாரு. “நெருக்கி நெஞ்சா…”ன்னு ஆரம்பிச்சாரு. அந்த வாக்கியம் அதுக்கு மேல நவுரல. சொத்தைப் பல்லுல பாக்குத் தூள் மாட்டுனாப்பல அங்கயே நின்னுக்கிச்சு.

நல்லவேளையா, கதவுக்கு மேல செவப்பு பல்பு எரிஞ்சுது. பவுல்ராஜ் காதுல வெரலை வெச்சுக்கிட்டாரு. நாச்சிமுத்து வெக்கல. டப்புன்னு ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்ல, பக்கத்து ரூம்ல யாரோ மூட்டையத் தொப்புன்னு எறக்குன மாதிரி. ஒண்ணு. இன்னும் அஞ்சு இருக்குது. மொதல்ல காஞ்ச துணிக்கு மூணு, அப்புறம் தண்ணியில ஊறுன துணிக்கு மூணு. உள்ள எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியும், போன வருசம் ஒருக்கா கண்ணாடி வழியாப் பாத்திருக்காரு. கம்பித் தாங்கியில பூட்டுன துப்பாக்கிக் கொழாய், அதுக்கு எதுக்க ஒரு பெட்டி நெறைய களிமண்ணு, அந்தக் களிமண்ணு மேல பட்டை போட்டுக் கட்டுன துணி அடுக்கு. களிமண்ணுதான் மனுசன். துணி குண்டை நிறுத்திருச்சுன்னே வெச்சுக்குவோம், அப்பவும் துணி உள்வாங்கி மண்ணுல ஒரு பள்ளம் விழுகும். அந்தப் பள்ளம் ஒண்ணரை விரக்கடைக்குள்ள இருந்தா பாஸ். ஒண்ணரை விரக்கடைங்கறது களிமண்ணுக்கு ஒண்ணும் இல்ல, தடவி உட்டாச் சரியாப் போயிரும். மக சுபத்ராவுக்கு நெஞ்சுக்கூடு சின்னது. எட்டாவது படிக்கறப்ப டெய்லர் அளவெடுத்துட்டு, “என்னங்க பொண்ணுக்குச் சோறே போடறதில்லீங்களா?”ன்னு கேட்டான். இப்ப அந்த நெனப்பு எதுக்கு. தறிக் கொட்டாய்ல கண்ணை மூடிட்டு நின்னாலே எந்தத் தறி நூலறுந்து நிக்கப் போகுதுன்னு காது சொல்லிரும் அவருக்கு. இங்க அந்தக் காதுக்கு வேலை இல்ல. டப்புன்னா டப்பு. நின்னுச்சா, போச்சா, ஒரு துப்பும் கெடையாது. மில் ஆளுங்க உள்ள வரப்படாது, சுட்டு முடிச்சப்புறந்தான் கூப்புடுவோம்னு சோதனை பண்ற சாரதா மேடம் சொல்லிப் போட்டுது. சரின்னு வெளிய பெஞ்சுல உக்காந்தாச்சு. பிளாஸ்டிக் பெஞ்சு. எதுக்கால மதிய வெயில்ல வண்டி நிறுத்தற எடம், அதுக்கு அந்தாண்ட வெறும் கருவேலங்காடு. நின்னுருச்சுன்னா பாஸ், பாஸ்னா துணி போகும், சட்டையாகும், சட்டை படையில இருக்கற அவ கேம்ப்புக்குப் போகும், சட்டை வந்துருச்சுன்னா அவ படைக் கம்பெனி காட்டுக்குள்ள எறங்கும். நிக்கலீன்னா பெயில். பெயில்னா துணி திரும்பி வரும், திரும்ப நெய்யோணும், நூலுக்குச் சொல்லி அது கப்பல்ல வந்து சேர்றதுக்கே மழைக்காலம் ஆயிரும். அது வரைக்கும் அவ கேம்ப்லயே காய் நறுக்கிட்டு, கொடியேத்திட்டு, துணி தொவைச்சுப் போட்டுட்டு இருப்பா. உசுரோட. இருவத்தெட்டு வருசமாத் தறிக் கொட்டாய்ல நிக்கற மனுசன், மாஸ்டர்னு பேரு வாங்குன மனுசன், தான் நெஞ்ச துணி கிழியட்டும்னு வெளிய உக்காந்து வேண்டிக்கிட்டு இருந்தாரு. யாரை வேண்டறதுன்னும் தெரியல. இதுக்குன்னு ஒரு சாமி இருக்கற மாதிரித் தோணல.

சொந்தக்காரங்களுக்கு வேட்டி நெஞ்சு குடுக்கலாம், துண்டு நெஞ்சு குடுக்கலாம். பெத்த பொண்ணுக்கு இதை நெஞ்சு குடுத்த அப்பன் சோமனூர்ப் பக்கத்துல இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு. மில்லுல காடாத் துணி ஓடிட்டு இருந்தது போயி, தார்ப்பாய்த் துணி வந்து, அதுவும் போயி இந்த மஞ்ச நூலு வந்தது. பாத்தா தங்கம் மாதிரி மினுக்கும், ஆனா வெயில் ஆகாது அதுக்கு, வெயில் பட்டா பலம் போயிரும், கறுப்புப் பாலித்தீன்ல சுத்தியே வெக்கோணும். நூலே வெயில் தாங்காது, அதைப் போட்டுட்டு வெயில்ல நிக்கறவங்களுக்குத் துணின்னு மொத நாளே அவருக்குச் சிரிப்பு வந்துது. சாதாரண கத்திரியில வெட்டவும் முடியாது, கத்திரிதான் மொட்டையாகும். அந்த மொத நாள்ல மில்லே சேந்து பண்ணுன கூத்து இருக்குதே. மொதலாளியில இருந்து பாவு புனையறவன் வரைக்கும் அத்தனை பேரும் நெசவு நடக்கற ஊர்ல பொறந்தவங்க. நல்ல துணின்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. நல்ல துணின்னா நெருக்கமான துணி. தூக்கிப் புடிச்சா வெளிச்சம் தெரியப்படாது, அவ்வளவுதான். அதனால குறுக்கால போற ஊடை நூலை வெச்சு இடி இடின்னு இடிச்சு, தறி பேயாட்டம் ஆடற அளவுக்கு நெருக்கி ஒரு துணி நெஞ்சாங்க. மொதலாளி அது மேல ஒரு டம்ளர் தண்ணிய ஊத்துனாரு. தண்ணி குண்டுமணி மாதிரி அப்படியே நின்னுச்சு. “தண்ணியே போகல, குண்டா போயிரும்?”னு அவரு கேட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. இவரும்தான் தட்டுனாரு. அந்தத் துணியில குண்டு, அப்பளத்துல வெரலை உட்டாப்பல போயிட்டு வந்துது. அப்புறம் சென்னையில இருந்து ஒரு நிபுணர் வந்து விளக்குனாரு. ஊடை, நெடுக்க ஓடற பாவு நூலுக்கு மேல ஏறுது, அடியில பூருது, மறுக்கா ஏறுது, மறுக்கா பூருது. நெருக்க நெருக்க அந்த வளைவு எச்சாகிட்டே போகும். குண்டு வந்து இழுக்கறப்ப நூலு மொதல்ல வளைவை நிமுத்திக்கோணும், நிமுந்தப்புறந்தான் அதுக்குப் பலம் வரும், அதுக்குள்ள குண்டு அடுத்த அடுக்குக்குப் போயாச்சு. போதாததுக்கு, பாவும் ஊடையும் கட்டிப் புடிச்ச ஒவ்வொரு எடத்துலயும் சேதி முட்டி முட்டித் திரும்பி வந்துரும், பக்கத்து நூலுக்குப் போய்ச் சேராது. ஆக, அடி வாங்குன நூலு தனியாச் சாகும். சுத்தியும் அத்தனை சொந்தம் நெருக்கி நின்னுட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. நிபுணர் இப்படிச் சொல்லல, அவரு இங்கிலீசுல சொன்னாரு. நாச்சிமுத்துவுக்கு அது இப்படித்தான் கேட்டுது. அவருக்கு இது புதுசும் இல்ல. சின்ன வயசுல மொத ஷிப்டு முடிச்சுட்டு ராத்திரி காலேஜுக்குப் போனப்ப, வாத்தியாரு போர்டுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போட்டாரு, பாம்பு மாதிரி. பாதித் தூக்கத்துலயும் அந்தக் கோடு மனசுல நின்னுருச்சு. கை தட்டறப்ப எங்க போச்சு அந்தக் கோடு? கை தட்டறப்ப கோடு வராது. கைக்கு வேற படிப்பு.

ரெண்டாவது டப்பு கேட்டுது. பல்பு எரிஞ்சதைக் கவனிக்கவே இல்ல.

சரி, அப்ப கையப் பத்தியே பேசுவோம். எந்தக் கை அந்த நம்பரைப் போட்டுது. சோத்துக் கைதான், ஆள்காட்டி வெரல்தான். முன்ன மாதிரிப் பல்சக்கரம் மாத்தற வேலையெல்லாம் இல்ல, தறிப் பொட்டியில ரெண்டு பட்டனை அமுக்குனா இஞ்சுக்கு இத்தனை பிக்குன்னு, இத்தனை ஊடை இழைன்னு, தறி கேட்டுக்கும். ஆர்டர்ல ஒரு அளவு போட்டிருந்துது. அதுல மேல கீழ ஒண்ணு போகலாம்னும் போட்டிருந்துது. இவரு அந்த ஒண்ணையும் சேத்தி, அதுக்கு மேல இன்னொண்ணும் சேத்திப் போட்டாரு. தறியில இருந்து எறங்குனா எந்தத் துணியும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கவும் இல்ல. பக்கத்துல நின்ன பிட்டர் வேலுமணி எட்டிப் பாத்துட்டு, “ஏனுங் மாஸ்டர், அம்மிணிக்குங்களா? அப்ப வீட்டு நெருக்கம் போட்டுற வேண்டியதுதானுங்”ன்னான். அவ படைக்குன்னு வந்த லாட்டுன்னு கொட்டாய்ல எல்லாருக்கும் தெரியும். வீட்டு நெருக்கம்ங்கறது அவங்க ஊர்த் தறிக்காரங்க பேச்சு. விக்கற துணிக்குச் சொன்ன அளவு. வீட்டுக்குன்னு நெய்யற துணிக்கு, தங்கச்சி கலியாணத்து வேட்டிக்கு, கொழந்தைக்குப் போத்தற துண்டுக்கு, சொல்லாமக் கொள்ளாம இஞ்சுக்கு ரெண்டு பிக்கு எச்சாப் போடுவாங்க. கணக்குல வராது, தடவுனா கைக்குத் தெரியும். “நம்ம ஆளுகளுக்கு நெஞ்சதா? நெருக்கம் தெரியுதே”ம்பாங்க. துணி நெருக்கமா இருந்தாலும் அதேதான் வார்த்தை, சொந்தம் நெருக்கமா இருந்தாலும் அதேதான் வார்த்தை. ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை வெச்சிருந்தா இந்த வெரலு தப்பிச்சிருக்குமோ என்னமோ. வேலுமணி சொல்றதுக்கு முன்னாலயே வெரலு போட்டாச்சுங்கறதுதான் விசயம். பாசத்துல போட்டுது. அப்படித்தான் அன்னைக்கு நெனச்சாரு. வீட்டுக்குப் போயி சம்சாரம் ருக்குமணிகிட்டச் சொன்னாரு, அவளும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, “நல்லாப் பண்ணுனீங்க, இன்னும் ரெண்டு சேத்திப் போட்டிருக்கலாமே”ன்னா. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வர்றப்பத்தான் அந்தப் பாம்புக் கோடு வந்துது. கோடு கேட்டுது, உனக்குத் தெரியாமயா போட்டே? தெரியும். தெரிஞ்சுதான இருந்துது. நெருக்குனா கெடும்னு தெரிஞ்ச மனுசன், பொண்ணு போடற துணியை நெருக்குறான்னா, அதுக்கு ரெண்டே அர்த்தந்தான். ஒண்ணு, கைக்கு மூளை பேசுனது கேக்கல. இல்லீனா, நல்லாவே கேட்டுது. கேட்டுட்டு, துணி கெடட்டும், சோதனையில போகட்டும், லாட்டு திரும்பட்டும், பொண்ணு கேம்ப்லயே கெடக்கட்டும்னு கணக்குப் போட்டு அமுக்குச்சு. எதுன்னு அவருக்கே தெரியல. பாசம்னு நெனச்சா பாசமா இருக்குது, களவுன்னு நெனச்சா களவா இருக்குது. வெரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நகத்துல எண்ணெய்க் கறை இருந்துது, வேற ஒண்ணும் எழுதியிருக்கல. அடுத்த நாள் காலையில போயி நம்பரைக் கொறைச்சிருக்கலாம். போனாரு. தறி ஓடிட்டு இருந்துது. நின்னு பாத்துட்டு வந்துட்டாரு.

“அண்ணாச்சி, டீ”ன்னு பவுல்ராஜ் பேப்பர் கப்பை நீட்டுனாரு. பிளாஸ்க்ல இருந்த டீ, ஆறிப் போயி ஏலக்காய் மட்டும் மிச்சம். “நானும் பட்டாளத்துல கெடந்தவன்தான், தெரியும்லா. பதினேழு வருசம். எங்களுக்கும் ஒரு சட்டை குடுத்தானுவ, ஒரு மூட்டை அரிசி கனம். தூத்துக்குடியில எங்க வீட்டு ஆடு கூட அம்புட்டு இருக்காது. என்ன செய்வோம்னு நெனைக்கிய? தலைக்கு வச்சிப் படுப்போம். நல்ல தலைகாணி.” “போட மாட்டீங்களா?” “அதிகாரி வந்தாப் போடுவோம். அவரு போனா கழட்டிருவோம். வேர்வையில வெந்து சாவதுக்கு குண்டு வாங்கிச் சாவலாம்னு எங்க ஹவில்தார் சொல்லுவாரு.” “அவரு இப்ப எங்கீங்க இருக்காரு?” “அவரு எங்க இருக்காரு. போயிட்டாரு.” “குண்டுலயா?” “சுகருல.” ரெண்டு பேரும் டீயக் குடிச்சாங்க. பவுல்ராஜ், “மக படையிலன்னு சொன்னியள்லா, எந்தப் பக்கம்?”னு கேட்டாரு. நாச்சிமுத்து சொன்னாரு. வடக்க, மலைக்காடு, பேரு சொன்னாலும் வாயில நிக்காது. பவுல்ராஜுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருந்துது. தெரிஞ்சிருந்துதுன்னு மூஞ்சியில தெரிஞ்சுது. அவரு உடனே டீக் கப்பைப் பாத்துக்கிட்டாரு. “அங்க பிஸ்டலா வச்சிருக்கான்?”னு கேக்க வந்து, கேக்காம, “அங்க நல்ல குளிரு”ன்னு மாத்திக்கிட்டாரு. அந்த மாத்துன எடம் நாச்சிமுத்துவுக்குக் கேட்டுது. அறுந்த நூலைப் புனைஞ்ச எடம் மாதிரி, தடவுனாத் தெரியும். அவருக்கு அது தெரியாதா என்ன. உள்ள சுடறது பிஸ்டல் குண்டு. துணி அதுக்குத்தான். ரைபிளுக்குத் துணி எந்த நெருக்கத்துல நெஞ்சாலும் நிக்காது, அதுக்கு முன்னால தகடு சொருகோணும், தகடு நெஞ்சுக்கு நடுவால ஒரு சிலேட்டு அளவுதான், மிச்ச ஒடம்புக்கெல்லாம் துணிதான். காட்டுக்குள்ள இருக்கறவன் சிலேட்டைப் பாத்தா சுடுவான். இதெல்லாம் யோசிச்சா, நெருக்கமா நெஞ்சதும் நெருக்காம நெஞ்சதும் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு இந்த வெரலை இத்தனை வெசாரணை. வெசாரிக்கறதுக்கு வேற எதுவும் அவரு கையில இல்ல, அதுக்குத்தான்.

மூணு. காஞ்ச துணி முடிஞ்சுது. இப்ப நனைச்ச துணியக் கட்டுவாங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். கத்திக்கு நெருக்கம் நல்லது. அது நெசம். கத்தி முனை நூலை வெலக்கிட்டுத்தான் உள்ள வரும், நெருக்கமா இருந்தா வெலகாது. அப்ப ஒருக்கா காட்டுக்குள்ள யாராச்சும் கத்தியோட வந்தா இந்தத் துணி அவளைக் காப்பாத்தும். வருவானா? துப்பாக்கி இருக்கறவன் எதுக்குக் கத்தியோட வருவான். வந்தாலும் வரலாம். ஒருத்தன் குண்டெல்லாம் தீந்து போயி கத்திய எடுத்துட்டு வர்றான்னு வெச்சுக்குவோம். வெச்சுக்கிட்டாரு. அந்த ஆளை மனசுல கொஞ்ச தூரம் நடக்க வெச்சுப் பாத்தாரு, பாவம், அவனும் களைச்சுப் போயிருந்தான். இது என்ன பொழப்பு. போன வாரம் சுபத்ரா போன்ல சிரிச்சுட்டே பேசுனா. “அப்பா, எங்காளுங்ககிட்ட எங்கப்பாதான் நெய்யறாருன்னு சொன்னேன். வேட்டி மாதிரிக் கரை போட்டு வருமான்னு கேக்கறாங்க.” “என்ன கரை வேணும்னு கேட்டுச் சொல்லு.” “மயில்கண் கரையாம்.” சிரிச்சா. சிக்னல் விட்டு விட்டு வந்துது, சிரிப்பும் விட்டு விட்டு வந்துது. அப்புறம் கொரலைத் தணிச்சு, “எப்பப்பா வரும்? இங்க உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது. மத்த கம்பெனியெல்லாம் போயிட்டு வருது. எங்களை மட்டும் பொம்பளைக மாதிரி உக்கார வெச்சிருக்காங்க”ன்னா. “நீங்க பொம்பளைகதான அம்மிணி”ன்னாரு. “அப்பா!”ன்னா. அந்த அப்பாவை முன்னயும் கேட்டிருக்காரு. படைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு அவ ஓடிப் பழகுனப்ப, கலைஞ்ச தலையோட கருக்கல்ல மொபெட்ல கொண்டு போயி மைதானத்துல உடுவாரு. உட்டுட்டு வர வேண்டியதுதான. வர மாட்டாரு. மதில் மேல உக்காந்துக்குவாரு. அவ ஒரு ரவுண்டு ஓடி வர்றப்ப எல்லாம் எந்திரிச்சு நிப்பாரு, தண்ணி பாட்டிலோட. ஒரு நா அவ மூச்சு வாங்க நின்னு, “அப்பா! கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்”னா. கோவமாச் சொல்லல. இத்தனைக்கும் கெஞ்சுற மாதிரித்தான் சொன்னா. அவரு தள்ளி நின்னாரு. ஒரு பத்தடி. அதுக்கே அவருக்குக் காலு கூசுச்சு. எத்தனை அடி தள்ளி நின்னா சரின்னு யாராச்சும் ஆர்டர்ல போட்டுக் குடுத்தா நல்லாருக்கும். இஞ்சுக்கு இத்தனை, மேல கீழ ஒண்ணு போகலாம்னு. பக்கத்துல நின்னா ஓட முடியல அவளுக்கு. உட்டுட்டா, ரெண்டாயிரம் மைல் தள்ளிப் போயி நிக்கறா. நடுவால ஒரு அளவு இருக்கும்ல. துணிக்கு இருக்குதே. அந்த அளவுல பாவும் ஊடையும் ஒண்ணை ஒண்ணு புடிச்சும் இருக்கும், இழுத்தா வழி உட்டும் குடுக்கும். அந்த அளவைக் கண்டுபுடிக்க எத்தனை துணியைச் சுட்டிருப்பாங்களோ, எந்த ஊர்லயோ. மனுசனுக்கு அப்படிச் சுட்டுப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. ஒரு பொண்ணுதான் இருக்குது.

பல்பு எரிஞ்சுது. நாலு. ஊறுன துணியோட சத்தம் வேற, கொஞ்சம் சப்புன்னு. எரிஞ்சுட்டே இருந்துது, அஞ்சும் உடனே வந்துது. கிழியட்டும், கிழியட்டும்னு மனசு சொல்லிட்டே இருந்துது. அப்படிச் சொல்றப்பவே, கிழிஞ்சா என்ன ஆகும்னு இன்னொரு பக்கம் ஓடுச்சு. கிழிஞ்சா இவ கம்பெனி போகாது. சரி. அப்ப அந்தக் காட்டுக்கு யாருமே போகாம உட்டுருவாங்களா? வேற கம்பெனி போகும், பழைய சட்டையோட, பஞ்சாப்லயோ பீகார்லயோ எவனோ ஒருத்தன் பெத்த பையன் போவான், அவங்கப்பன் இப்ப எங்க உக்காந்திருக்கானோ. அவனுக்கு வேண்டிக்கவும் தெரியாது, அவனுக்கு எந்தத் துணின்னே தெரியாது. அப்ப கிழியப்படாது. கிழியாம நின்னா அது சுபத்ரா மேல போகும், நெருக்கி நெஞ்சு பலம் கொறைஞ்ச துணி, ஆறு குண்டுக்கு நின்ன துணி ஏழாவதுக்கு நிக்குமான்னு சோதனையில யாரும் சுட்டுப் பாக்கறதில்ல. ஏழாவது காட்டுல. அப்ப கிழியட்டும். ரெண்டு பக்கமும் அந்த எண்ணம் ஓடி ஓடித் திரும்புச்சு, ரேப்பியர் தறியில ஊடைய எடுத்துட்டுப் போற கை மாதிரி, அந்தப் பக்கம் போயி உட்டுட்டு வெறுங்கையோட இந்தப் பக்கம், மறுக்கா அந்தப் பக்கம். துணி மட்டும் ஆகல. எதையும் வேண்டாம இருந்து பாக்கலாம்னு கண்ணை மூடுனாரு. மூடுனா, அவ சட்டையப் போட்டுப் பாக்கறது தெரிஞ்சுது, பக்கவாட்டுப் பட்டையை இழுத்துக் கட்டிக்கிட்டு, உள்ள கைய உட்டுத் துணியத் தடவிப் பாக்கறா. அவளுக்குத் தெரியும். தறிக்காரன் பொண்ணு. தடவுனா, ஆ, வீட்டு நெருக்கம்னு சந்தோசப்படுவா. பக்கத்துல இருக்கறவளைக் கூப்பிட்டு, தொட்டுப் பாரு, எங்கப்பா எச்சாப் போட்டிருக்காரும்பா. அதை நெனச்சதும் நாச்சிமுத்து கண்ணைத் தொறந்துட்டாரு. அவ சந்தோசப்படறதை எந்தக் காரணத்தைச் சொல்லியும் தடுக்க முடியாது. போன் போட்டு, அம்மிணி, அது பாசம் இல்ல கண்ணு, அது தப்புன்னு சொன்னா, அவ என்ன பண்ணுவா? கழட்டி வெச்சுட்டுப் போவா. இல்லீனா, பரவால்லப்பான்னு போட்டுட்டுப் போவா. போறது மாறாது.

ஆறு. அதோட பல்பு அணைஞ்சுது. வண்டி நிறுத்தற எடத்துல ஒரு நாயி எந்திரிச்சு, சுத்திப் பாத்து, மறுக்கா படுத்துக்கிச்சு. பவுல்ராஜ் மெதுவா, “முடிஞ்சிட்டு அண்ணாச்சி”ன்னாரு. நாச்சிமுத்து தலைய ஆட்டுனாரு. இப்ப உள்ள அடுக்கைப் பிரிச்சு ஒண்ணொண்ணாப் பொரட்டுவாங்க, குண்டு எத்தனையாவது அடுக்குல சப்பையாகி நிக்குதுன்னு. இந்த நேரத்துக்கு எந்த வேண்டுதலும் செல்லாது, ஆனது ஆயிருச்சு, உள்ள ஆயிட்டுக் கெடக்குது, இன்னும் சொல்லலை, அவ்வளவுதான். சொல்லாத வரைக்கும் அவ கேம்ப்ல இருக்கா. இந்தப் பெஞ்சுல எந்திரிக்காம உக்காந்திருந்தா, அவ காய் நறுக்கிட்டே இருப்பா. கத்திரிக்காயை அவளுக்கு நறுக்கவே தெரியாது, காம்போட போட்டுருவா. ருக்குமணி எத்தனை தடவை திட்டியிருக்கா. காம்போட போடட்டும். அவ கம்பெனியில இருக்கற நூறு புள்ளைகளும் மழைக்காலம் வரைக்கும் காம்போடவே தின்னட்டும்.

கதவு தொறந்துது. சாரதா மேடம் காதுக் கவசத்தைக் கழுத்துல தொங்க உட்டுக்கிட்டு எட்டிப் பாத்துது. “மாஸ்டர், உள்ள வரலாங்க. ஆறும் நின்னுருச்சு.”

“ஆறுமாங்க?”

“ஆறும். நனைச்சதுல ஒண்ணு மட்டும் கடைசி அடுக்குல வந்துதான் நின்னுது, கொஞ்சம் பக்குன்னு ஆயிருச்சு எனக்கு. ஆனா தாண்டல சார், பாஸ்தான். உங்க மொதலாளிக்குப் போன் போட்டுட்டேன், சட்டை தெக்கற எடத்துக்கு இன்னைக்கே லோடு ஏத்தச் சொல்லிட்டாரு. பள்ளமும் அளவுக்குள்ளதான், எழுதி வெக்கறதுக்காக மறுக்கா அளக்கணும், மில் ஆளு ஒருத்தரு கூட நிக்கணும். வாங்க.”

“அண்ணாச்சி, பாஸாயிட்டுல்லா! மக குடுத்து வச்சவ. ஸ்வீட் எடுத்துட்டு வராம கேட்டைத் தாண்ட விட மாட்டேன், சொல்லிட்டேன்”னு பவுல்ராஜ் எந்திரிச்சுக் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. சோத்துக் கையை. நாச்சிமுத்து குலுக்க உட்டாரு.

“மாஸ்டர்?”

“வந்துட்டனுங்க”ன்னு சொல்லிட்டு, சட்டைய இழுத்து உட்டுக்கிட்டு, அந்தம்மா பொறத்தால உள்ள போனாரு.